மரபியலில் நமக்கு எத்தனை அறிவு?

எங்கள் தெருவில் சாயங்காலம் நடக்கிற படிப்பு வட்டத்துக்கு வரும் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பேச்சுப் போட்டிக்கு எழுதிய தாளைக் கொண்டுவந்து திருத்தித் தரச் சொன்னான். தலைப்பு: தொல்காப்பியர் கண்ட உயிரியல். லின்னேயசுக்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னாலேயே தமிழன் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்திவிட்டான் என்று ஆரம்பித்து, கைதட்டல் வாங்குகிற மாதிரி நாலு பக்கம். மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்கும் மனப்பாடம் ஆகிவிட்ட பேச்சு. பையனுக்கு இரண்டு இடத்தில் தடங்கல்.

"எறும்புக்கு மூணறிவுன்னு போட்ருக்குண்ணே. தொடுறது, ருசி, மோப்பம், அவ்வளவுதான். கண்ணு நாலாவது அறிவுல, நண்டுக்குத்தான் வருது. எங்க புத்தகத்துல பூச்சிக்கெல்லாம் கூட்டுக்கண் இருக்குன்னு இருக்கே, எதை எழுதுறது?"

இரண்டாவது: "அஞ்சறிவுல விலங்கோட சேத்து மாக்கள்னு ஒண்ணு இருக்கு. மக்கள் ஆறறிவு. அப்ப மாக்கள்னா யாருண்ணே?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். எறும்புக்குக் கண் உண்டு, தொல்காப்பியர் சொன்னது தப்பு, தப்பு என்றே எழுது, ஒன்றும் குடிமுழுகிவிடாது என்றேன். இரண்டாவதற்குச் சொல்ல முடியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். மரபியல் எனக்குப் பாடமாகவே இருந்தது. ஆனால் அந்த இயலை எனக்கு யாரும் முழுசாக நடத்தவில்லை. ஏன் நடத்தவில்லை என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

மரபியல் என்ற சொல்லே இன்று இரண்டு இடத்தில் குடியிருக்கிறது. விலங்கியல் புத்தகத்தில் மரபியல் என்றால் மெண்டலின் பட்டாணிச் செடி, நிறப்புரி, மரபணு. தமிழ் வகுப்பில் மரபியல் என்றால் பொருளதிகாரத்தின் கடைசி இயல். எந்த உயிரை எந்தப் பெயரால் சொல்வது வழக்கம் என்பது அதன் விஷயம். முதலில் இளமைப் பெயர்கள்: குட்டி, கன்று, பறழ், குருளை, மறி என்று எதற்கு எது. அப்புறம் அறிவு வகை. புல்லும் மரமும் தொடு உணர்வு மட்டும் உள்ள ஓரறிவு. நத்தை வகைக்கு நாக்கும் சேர்ந்து இரண்டு. கறையான், எறும்புக்கு மூக்கோடு மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணோடு நான்கு. விலங்குக்கும் மாக்களுக்கும் காதோடு ஐந்து. மக்களுக்கு மனத்தோடு ஆறு. ஒவ்வொரு படியிலும் இதே கிளையில் பிறந்த வேறு உயிர்களும் உண்டு என்று கதவைத் திறந்தே வைக்கிறார். பிறகு ஆண் பெயர், பெண் பெயர். கடைசிப் பக்கமாகப் புல்லையும் மரத்தையும் பிரிக்கிறார்: வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம். இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல் சாதி.

இந்தக் கடைசிப் பிரிவினையைப் படித்த அன்று எனக்கு என் அப்பாதான் நினைவுக்கு வந்தார். வீடுகளுக்குப் பனங்கை பிளந்து கொடுக்கிற வேலை அவருக்கு. செட்டிமார் வீட்டுக்குப் பர்மாத் தேக்கு, நம்மாட்கள் வீட்டுக்குப் பனை. "பனைக்கு வைரம் வெளியில இருக்குப்பா, உள்ள வெறுஞ்சோறு. வேம்புக்கு உள்ள" என்பார். கோடாலியை எந்தப் பக்கம் வைப்பது, எதைக் கழித்துப் போடுவது என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடக்கம். நம் பள்ளிக்கூடங்களில் ஒருவித்திலை, இருவித்திலை என்று நடத்துகிற பாகுபாட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போகிற பார்வை இது. விதைக்குள் எத்தனை இலை என்று அப்பாவுக்குத் தெரியாது. மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும், ஏனென்றால் பிளந்து பார்த்தது அவர் கை.

ஆட்டுக் கிடாய்க்கு மோத்தை, தகர், உதள் என்று மூன்று பெயர் வைத்தது யார்? கிடை போட்டவன். களிறு, பிடி என்று பார்த்த உடனே பிரித்துச் சொன்னது யார்? காட்டில் யானையோடு பிழைத்தவன். நண்டு வளையை மண்வெட்டியால் மூடியவன், கறையான் புற்றை இடித்தவன், கன்றுக்கும் குட்டிக்கும் வாய் பிரித்துப் பால் ஊட்டியவள், இவர்கள் எல்லோருடைய அறிவும் சேர்ந்ததுதான் மரபியலின் நல்ல பாதி. இலக்கணம் எழுதியவர் அதைத் தொகுத்தார். தொகுப்பதும் பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் 'தமிழன் கண்டான்' என்று மேடையில் முழங்கும்போது எந்தத் தமிழன் என்ற கேள்வி எங்கே போகிறது?

இனி, நடத்தாமல் விட்ட பகுதி. பெண் விலங்குகளின் பெயர் முடிந்து, புல் மரம் ஆரம்பிப்பதற்கு நடுவே ஏறக்குறைய 15 நூற்பா இருக்கிறது. என் வகுப்பில் (கல்லூரிப் பெயர் இங்கே வேண்டாம்) ஆசிரியர் அந்த இடம் வந்ததும் புத்தகத்தில் இரண்டு பக்கத்தைப் புரட்டினார். "அதெல்லாம் இடைச்செருகல்ப்பா, விட்ருங்க. பரீட்சைக்கு வராது." அவர் நல்ல மனுஷர், சாதி பார்க்காதவர். அதனாலேயே அவருக்கு அந்தப் பக்கங்கள் சங்கடமாக இருந்தன. வீட்டுக்குப் போய் நானே படித்தேன். அந்தணருக்கு உரியவை பூணூல், கமண்டலம், முக்கோல், உட்காரும் மணை. அரசருக்கு உரியவை ஆயுதம், கொடி, குடை, முரசு, குதிரை, யானை, தேர், மாலை, கிரீடம். வைசிகனுக்கு வாணிகம். வேளாண் மாந்தருக்கு உழுது உண்பதைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. வேந்தன் ஏவிய வேலைக்குப் போனால் ஆயுதமும் மாலையும் உண்டு. வில், வேல், கழல், மாலை, தேர், குதிரை எல்லாம் மன்னனிடம் பெற்ற முறையில் மற்றவர்களுக்கும் ஆகும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிக்கொண்டே வந்து, கடைசி நூற்பாவில் ஒரே போடு: அப்படிப்பட்டவர்களாகவே இருந்தாலும் இழிந்தோருக்குக் கிடையாது.

இழிந்தோர் யார் என்று அங்கே விளக்கம் இல்லை. யாருக்கு விளக்கம் வேண்டும், நமக்குத் தெரியாதா?

இந்தப் பகுதியைப் பலமுறை படித்த பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நத்தையைப் பிரிக்கும்போது நாக்கைச் சொன்னார். எறும்புக்கு மூக்கை, நண்டுக்குக் கண்ணைச் சொன்னார். புல்லுக்கும் மரத்துக்கும் உள் வைரம், வெளி வைரம் சொன்னார். எல்லாம் அந்தந்த உடம்பில் இருப்பது. அந்தணன், அரசன், வைசிகன், வேளாளன், இழிந்தோன் என்று வரும்போது உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருவனுக்கு ஒரு புலன் கூட, இன்னொருவனுக்குக் குறைச்சல் என்று சொல்ல முடியவில்லை. குடை, தேர், மாலை, முக்கோல் என்று கையில் பிடிக்கிற சாமானையும் ஏறிப் போகிற சாமானையும்தான் அடுக்க முடிந்தது. உயிர்களைப் பற்றிய நூற்பாக்கள் என்ன இருக்கிறது என்று சொல்கின்றன. இந்த 15 நூற்பாவும் யார் எதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கின்றன. முன்னது பார்த்து எழுதியது. பின்னது பார்க்க எதுவும் கிடைக்காமல் உத்தரவாக எழுதியது. வேறு உடம்பு என்றால் உத்தரவு எதற்கு? எறும்பு தேரில் ஏறக் கூடாது என்று யாரும் நூற்பா எழுதுவதில்லை.

ஏட்டில் கிடந்த உத்தரவுதானே, இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கிற தமிழ்ப் பேராசிரியர்களை எங்கள் பக்கம் கூட்டிவர ஆசை. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் (காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை எல்லாம் அப்போது அதில்தான்) நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். தங்க வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலே துணி போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் கூடாது. நம் சனங்கள் அடங்கவில்லை. குடிசை எரிந்தது, ஆடு மாடு கொள்ளை போனது. 1931 ஜூனில் மறுபடி கூடித் தடையைப் பதினொன்றாக்கினார்கள். அதில் கல்யாணத்தில் குதிரை ஊர்வலம் கூடாது, வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வாகனமும் கூடாது, மேளம் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதெல்லாம் வந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தப் பட்டியல் அச்சில் இருக்கிறது.

குடை, முரசு, மாலை, குதிரை, தேர். அந்தப் பட்டியலையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடை போட்ட நாட்டார்கள் தொல்காப்பியம் படித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கத் தேவையே இல்லாமல் அது ஊருக்குள் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரும் மரபுதான்.

தேவகோட்டைப் பக்கம் உஞ்சனையில் 1979 ஜூனில் ஐந்து தலித்துகளைக் கொன்றார்கள். அய்யனார் கோயில் புரவியெடுப்பில் சம உரிமை கேட்டதுதான் விவகாரம். புரவி என்றால் மண்ணால் செய்து சுட்ட குதிரை. ஓடாது, உதைக்காது, புல் தின்னாது. அதைத் தூக்கிப் போகிற உரிமைக்கு ஐந்து உயிர். அப்போது நான் பிறக்கவில்லை. எங்கள் அப்பத்தா அந்தக் கதையை எப்போதும் நடுவிலேயே நிறுத்திவிடும், முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாட்டாருக்கு வடம் பிடிக்கும் உரிமை உள்ளதாகச் சொல்லப்படுகிற கண்டதேவித் தேர் அடுத்தது. 1998 வாக்கில் தலித்துகளும் வடம் பிடிப்போம் என்று கேட்டதும் தேர் நின்றது. நீதிமன்றம், பேச்சுவார்த்தை, 144, அப்புறம் சில வருஷம் போலீஸ் வளையத்துக்குள் கணக்குக் காட்ட நாலு பேரை விட்டு ஓட்டம், பிறகு தேரே பழுது என்று பதினேழு பதினெட்டு வருஷம் நிலையிலேயே நிறுத்தம். கடைசியாக 2024 ஜூனில், உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு, ஆயிரக்கணக்கில் போலீசை நிறுத்தி ஓட்டினார்கள். இத்தனை வருஷமும் அந்தப் பக்கம் கேட்ட ஒரே வாதம் மரபுப்படி நடக்க வேண்டும் என்பதுதான். மரபு மாறினால் எல்லாம் வேறு வேறாகிவிடும் என்று மரபியலும் ஓரிடத்தில் எச்சரிக்கிறது. அங்கே பேச்சு சொல் வழக்கைப் பற்றியது என்று உரை சொல்லலாம். எங்கள் பக்கம் அதைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

இடைச்செருகல் வாதத்துக்கு வருகிறேன். நால்வருண நூற்பாக்கள் பின்னால் சேர்த்தவை, தொல்காப்பியர் எழுதியதல்ல என்று பல தமிழறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். நடையும் சொல்லும் வேறாக இருக்கின்றன என்பதற்கு அவர்கள் காட்டும் காரணங்களில் சிலது வலுவானவைதான். ஆனால் இந்த வாதத்தை நம் தமிழ்த் துறைகள் என்ன செய்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற மாதிரி தள்ளிவிட்டு, மேலே ஆறறிவுப் போர்வையை விரித்துவிடுகின்றன. யாரோ செருகினான் என்றே வைத்துக்கொள்வோம். இளம்பூரணர் உரை எழுதும்போது, அதாவது இன்றைக்கு எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே, அது உள்ளே இருந்தது. பேராசிரியர் உரையிலும் இருந்தது. இத்தனை காலம் ஏடு பெயர்த்து எழுதியவன் ஒருவனுக்கும் அது உறுத்தவில்லை. செருகியவனுக்கும் எந்த இயலில் செருகினால் ஒட்டும் என்று தெரிந்திருக்கிறது. எழுத்ததிகாரத்திலா போய்ச் செருகினான்? உயிர்களை வகை பிரிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, மந்திக்கும் பனைக்கும் நடுவில் மனிதனைக் கொண்டுவந்து நாலாக வெட்டினான். சாதி இயற்கையில் இருக்கிறது என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த வேலையின் நுட்பத்தைத்தான் தமிழ் மாணவனுக்கு நடத்த வேண்டும். பக்கத்தைப் புரட்டிவிட்டால் செருகியவன் ஜெயித்தான் என்று அர்த்தம்.

இந்தக் காரியத்தைத் தமிழ்நாட்டில் மட்டும் செய்யவில்லை. மேடையில் நாம் தோற்கடிக்கிற அதே லின்னேயஸ் இருக்கிறாரே, சுவீடன்காரர், 1735இல் இயற்கை முழுவதையும் விலங்கு, தாவரம், கனிமம் என்று மூன்று ராஜ்யமாகப் பிரித்தார். அவர் மனிதனையும் விலங்குகளோடு சேர்த்தது பெரிய துணிச்சல், பாதிரிமார்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சேர்த்த கையோடு மனிதனை நாலாகப் பிரித்தார், நிறத்தை வைத்து: ஐரோப்பியன் வெள்ளை, அமெரிக்கன் சிவப்பு, ஆசியன் பழுப்பு, ஆப்பிரிக்கன் கறுப்பு. நாலு, அதுவும் நிறம். வருணம் என்ற சொல்லுக்கும் நிறம் என்றுதான் பொருள். 1758இல் வந்த பத்தாம் பதிப்பில் இன்னும் நீட்டினார். யாருக்கு என்ன குணம், யார் என்ன உடுத்துவார், யாரை எது ஆளும் என்று. ஐரோப்பியனைச் சட்டம் ஆளும், ஆப்பிரிக்கனை மனம் போன போக்கு ஆளும். ஆசியனுக்குத் தொளதொள உடுப்பு, ஐரோப்பியனுக்கு உடம்போடு ஒட்டிய உடுப்பு. பூவின் மகரந்தத்தாளை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்த மனுஷன், மனிதனிடம் வந்ததும் துணிமணியை எண்ண ஆரம்பித்துவிட்டார். மரபியல் குடையையும் தேரையும் எண்ணிய அதே சங்கடம். உடம்பில் ஒன்றும் அகப்படவில்லை.

அவருடைய மாணவர் கோனிக் 1768இல் நம் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷன் வைத்தியராக வந்து, அந்த முறையில் இங்கத்திய செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்தார். அதற்கும் முன்னால், டச்சுக்காரர் வான் ரீடு கேரளச் செடிகளைப் பற்றி 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதி அச்சிட்டார். ஹோர்த்துஸ் மலபாரிகஸ் என்று பெயர். அதற்கு மூலிகை அறிவைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். கோயில் பக்கம் வரக் கூடாது என்று தள்ளிவைக்கப்பட்ட சாதி. அவர் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலம் முதல் தொகுதியிலேயே இருக்கிறது. லின்னேயஸ் இந்தியச் செடிகளுக்குப் பெயர் வைக்க நம்பியது இந்தப் புத்தகத்தை. அப்பாவின் பனங்கை ஞாபகம் எனக்கு இங்கேயும் வந்தது. குறைந்தது அச்சுதன் பெயர் அச்சிலாவது ஏறியது.

மூக்கை அளந்து பார்க்கவும் செய்தார்கள். எட்கர் தர்ஸ்டன், சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளர், 1890இல் மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி, சங்கு பற்றி எழுதியவர். பிறகு இடுக்கியை எடுத்துக்கொண்டு மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளக்கக் கிளம்பி, 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டார். சிப்பியை அளந்த கை பறையனை அளந்தது. அந்தக் காலத்து ஆட்கள் மூக்கின் அகலத்துக்கும் சமூகப் படிக்கும் சம்பந்தம் உண்டு என்று நம்பினார்கள். அம்பேத்கர் 1948இல் தீண்டத்தகாதவர்கள் பற்றி எழுதிய நூலில் அப்படி எடுத்த மூக்கு அளவுகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்ப்பனருக்கும் தீண்டப்படாதவருக்கும் இன வேறுபாடு இல்லை என்று அவர்கள் கணக்கை அவர்கள் மேலேயே திருப்பினார். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே சாதி ஒழிப்பு உரையில், சென்னை பார்ப்பனருக்கும் சென்னைப் பறையருக்கும் இனத்தால் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டார்.

இப்போது பையனின் புத்தகத்துக்குத் திரும்புகிறேன். அதில் ஐந்துலக வகைப்பாடு இருக்கிறது. 1969இல் அமெரிக்கர் விட்டேக்கர் போட்டது: மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. இதில் எனக்குப் பிடித்தது பூஞ்சையின் கதை. மழை பெய்த மறுநாள் வரப்பிலும் வைக்கோல் படப்பிலும் முளைக்கிற காளான் நூற்றாண்டுகளாகத் தாவரப் பட்டியலில்தான் இருந்தது. நகராது, மண்ணில் முளைக்கிறது, அதனால் செடி. விட்டேக்கர் எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்தார். செடி வெயிலில் சமைக்கிறது. விலங்கு விழுங்குகிறது. காளான் இரண்டும் செய்வதில்லை, வெளியிலேயே கரைத்து உறிஞ்சுகிறது. எனவே அதற்குத் தனி உலகம். 1990களில் மூலக்கூறுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது காளான் செடியைவிட விலங்குக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. (உணவை வைத்துப் பிரிப்பது நமக்குப் பழக்கப்பட்ட சங்கதிதான். என்ன, நம்மை மாட்டுக்கறியை வைத்துப் பிரித்தபோது யாரும் தனி உலகம் கொடுக்கவில்லை, ஊருக்கு வெளியே தெரு கொடுத்தார்கள்.)

1977இல் ஊஸ் என்பவர், அவரோடு ஃபாக்ஸ், சாண எரிவாயுக் கலத்திலும் சேற்றிலும் மீத்தேன் உண்டாக்குகிற நுண்ணுயிர்கள் பாக்டீரியாவே இல்லை, அவை வேறு வம்சம் என்று அவற்றின் ஆர்.என்.ஏ.வைக் காட்டிச் சொன்னார்கள். பெரிய பெரிய ஆட்கள் சிரித்தார்கள். 1990இல் உயிர்கள் எல்லாவற்றையும் மூன்று பெரும் பிரிவாக்கி ஊஸ் எழுதினார், மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டார்கள். 2015இல் ஒரு குழு உலகம் ஏழு என்றது. நாளைக்கு வேறு எண்ணிக்கை வரும். ஒரு காளானோ சேற்றுப் பூச்சியோ இந்தக் கட்டத்தில் நான் அடங்க மாட்டேன் என்றால் கட்டத்தை மாற்றுகிறார்கள். பூச்சியை அடித்து உள்ளே தள்ளுவதில்லை. நம் ஊரில் கட்டம் மாறாது. அடங்காதவன் குடிசை எரியும்.

அறிவியலைத் தலையில் வைத்துக் கூத்தாடவும் வேண்டாம். லின்னேயசும் தர்ஸ்டனும் அறிவியல்காரர்கள்தான். சொற்களிலும் பழைய நாற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலைநாட்டார் ராஜ்யம் என்று வைத்ததைத் தமிழ்நாட்டுப் புத்தகம் உலகம் என்று மாற்றியது, நல்ல காரியம். ஈழத்துப் பாடநூல்களில் இராச்சியம் என்றே இருக்கிறது. அங்கே அதற்குக் கீழ்ப் படிகளைப் பார்த்தபோது திகைத்துப் போனேன்: கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். நாம் வரிசை என்று சொல்வதற்கு அங்கே வருணம். பேரினத்துக்குச் சாதி. யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்க மாட்டார்கள். பிரிவு என்றதும் தமிழ் மூளைக்கு முதலில் கையில் கிடைக்கிற சொல் அதுதான் போலும். நாமே பனையைப் புல் சாதி என்கிறோம். இதே கட்டுரையில் மேலே நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள். திருத்தாமல் விட்டுவைக்கிறேன்.

மாக்கள் யார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. மனித உருவம் இருந்தும் மன அறிவு இல்லாதவர்கள் என்று உரைகாரர்கள் வழியில் பொருள் சொல்லி வருகிறார்கள். மனம் இருக்கிறதா இல்லையா என்று யார் சோதித்தது, எந்த இடுக்கியால் அளந்தது? ஆறு அறிவில் ஐந்து வெளியே தெரிகிற உறுப்பு. ஆறாவது மட்டும் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்து மனிதரிலேயே ஒரு கூட்டத்தைக் கீழே இறக்க முடிகிறது. சொல்லதிகாரத்தில் உயர்திணை என்று மக்கள் எல்லோரையும் ஒன்றாக வைத்த இலக்கணம்தான் இதுவும். அங்கே மக்களைத் தவிர மற்றதெல்லாம் அஃறிணை. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாம் எப்போதாவது முழுசாக இருந்தோமா?

அப்பா பனங்கை இறக்கப் போகிற ஒரு பெரிய வீட்டில், சின்னப் பையனாக நானும் கூடப் போயிருக்கிறேன். உள்ளேயிருந்து குரல் வரும்: "மரம் அறுக்கிறது வந்திருக்கா?" எங்கள் பக்கத்தில் அம்மா வந்துச்சு, அப்பத்தா சொல்லுச்சு என்று நாமும் பிரியமாகச் சொல்கிறோம், அந்த அஃறிணை வேறு. இதில் பிரியம் கிடையாது. அப்பா திண்ணைக்குக் கீழே நின்று "வந்திருக்கேங்கய்யா" என்பார். தன்மையில், உயர்திணையில், இலக்கணப் பிழை இல்லாமல்.

காரைக்குடியில் தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கிறது. 1993இல் திறந்தார்கள். தொல்காப்பியரும் அங்கே சிலையாக இருக்கிறார். சிலை வைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, பனையைப் பிளந்து பார்த்தவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிய ஒருவருக்கு அந்த மரியாதை தகும். மாலை போடுகிறவர்கள் அந்த 15 நூற்பாவையும் ஒரு நாள் உரக்கப் படித்துவிட்டுப் போடட்டும். தமிழ்த் துறைகள் அதைப் பாடத்தில் வைக்கட்டும், பரீட்சையிலும் கேட்கட்டும்: உயிர்களை உடம்பால் பிரித்த இயல் மனிதனை மட்டும் ஏன் உடைமையால் பிரித்தது, பத்து மதிப்பெண்.

பையனிடம் இதையெல்லாம் இரண்டு சாயங்காலம் பேசினேன். ஐந்து நிமிஷப் பேச்சில் எவ்வளவு சொல்ல முடியும் என்று கவலைப்படுகிறான். நடுவருக்குப் பிடிக்காது என்றும் தெரிகிறது அவனுக்கு. தாளில் எறும்புக்குப் பக்கத்தில் 'கண் உண்டு' என்று பென்சிலால் எழுதியிருக்கிறான். லின்னேயஸ் வரி அப்படியே இருக்கிறது, அதை எடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. மாக்கள் என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டு வைத்திருக்கிறான். போட்டி வெள்ளிக்கிழமை.